டூ டோன் ஸ்கா: ஜோடி ஜோடியாகக் கேட்க ஒரு வழிகாட்டி

ஜமைக்காவில் பிறந்த ஸ்கா இசைக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் நடுவில்தான் வந்து இறங்குகிறார்கள். ஏதாவது ஒரு படத்தில் மேட்னெஸ் குழுவின் பாட்டு ஒன்று காதில் விழும். அல்லது தி ஸ்பெஷல்ஸ் குழுவின் 'கோஸ்ட் டவுன்' நள்ளிரவில் யூடியூபில் தானாக வந்து நிற்கும். பிடித்துவிடும். அடுத்து என்ன என்று தேடினால் நூறு பாட்டு உள்ள ஒரு பட்டியல் கிடைக்கும். அதில் 1964-இன் ஜமைக்காத் தலைநகர் கிங்ஸ்டனும் 1979-இன் இங்கிலாந்து நகர் கோவென்ட்ரியும் 1997-இன் அமெரிக்காவும் ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கிடக்கும். பத்துப் பாட்டு தாண்டுவதற்குள் 'எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே' என்று அலுத்துவிடும்.

எனக்கும் அப்படித்தான் ஆனது. அப்புறம் கைகொடுத்தது ஒரு சின்ன வழக்கம். 1979-இல் இங்கிலாந்தில், டூ டோன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தை (லேபிள்) ஒட்டிக் கிளம்பிய குழுக்களைத் தனியாகக் கேட்பதில்லை. அவர்கள் எந்தப் பழைய பாட்டை எடுத்தார்களோ அதை முதலில் ஒருமுறை, அவர்களுடையதை அடுத்து ஒருமுறை, திரும்பவும் பழையதை ஒருமுறை. எதை வைத்துக்கொண்டார்கள், எதைக் கழற்றி எறிந்தார்கள், எதைப் புதிதாகச் சேர்த்தார்கள் என்பதெல்லாம் அந்த மூன்றாவது முறையில் தெரிந்துவிடும். இந்தக் கட்டுரை அப்படிக் கேட்பதற்கான வரிசை. பத்துப் பன்னிரண்டு பாட்டும் ஒரு வார மாலைகளும் போதும்.

முதலில் இயர்போன், அடுத்து தகதிமி

கைப்பேசி ஸ்பீக்கரில் ஸ்கா கேட்காதீர்கள். கிட்டாரின் 'ச்சக் ச்சக்' மட்டும் கேட்கும். பாட்டைச் சுமந்துகொண்டு நடக்கிற, கீழ்ச்சுரம் வாசிக்கும் பேஸ் காணாமல் போய்விடும். சுமாரான இயர்போன் இருந்தாலே போதும்.

இனி தாளம். 'தகதிமி தகஜொணு' என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே த, தி, த, ஜொ என்ற இடங்களில் காலால் தட்டுங்கள். பிறகு க, மி, க, ணு என்ற இடங்களில் மட்டும் கை தட்டுங்கள். கால் தரையைத் தொடும்போது கை சும்மா இருக்க வேண்டும். கால் எழும்போது கை விழ வேண்டும். அந்தக் கைதான் ஸ்கா கிட்டார். கர்நாடக இசையில் அரை இடம் தள்ளி எடுக்கிற பாட்டுகளுக்குத் தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு இது ஐந்து நிமிட வேலை. அங்கே எடுப்பு மட்டும் தள்ளியிருக்கும். இங்கே பாட்டு முடியும்வரை கிட்டார் அந்த அரை இடத்தைவிட்டு இறங்கவே இறங்காது.

கை பழகியதும் பேஸைத் தேடுங்கள். பழைய ஸ்காவில் அது ஒவ்வொரு கால்தட்டுக்கும் ஒரு சுரமாக ஏறி இறங்கி நடந்துகொண்டே இருக்கும். ஜாஸிலிருந்து வந்த நடை இது. டிரம்ஸின் அழுத்தமான அடி இரண்டாவது, நான்காவது கால்தட்டுகளில் விழும்.

1966 வாக்கில் ஜமைக்காவில் வேகம் குறைந்தது. பேஸ் நடப்பதை நிறுத்திவிட்டு, இடைவெளி விட்டு விட்டுச் சின்னச் சின்னச் சொற்கட்டாக வாசிக்கத் தொடங்கியது. அதற்குப் பெயர் ராக்ஸ்டெடி. 1968-இல் ஆர்கன் முன்னுக்கு வந்து அதுவும் மாறியது. அது ரெகே. இந்த மூன்றையும் பிரித்துத் தெரிந்துகொள்ளச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்துக் குழுக்களை எல்லோரும் 'ஸ்கா மீட்சி' என்கிறார்கள். ஆனால் அவர்கள் எடுத்துக் கையாண்டதில் கணிசமான பங்கு ராக்ஸ்டெடியும் ஆரம்பகால ரெகேயும்தான். பெயரை நம்பிப் போனால் காது குழம்பும்.

கிங்ஸ்டனில் என்ன நடந்தது

1950-களில் கிங்ஸ்டனின் ஏழைகள் ஆடியது சவுண்ட் சிஸ்டம் எனப்படும் தெருவோர ஒலிபெருக்கிகளுக்கு. பெரிய பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள், ஒரு தட்டுச் சுழற்றி, அமெரிக்க ரிதம் அண்ட் ப்ளூஸ் இசைத்தட்டுகள். டியூக் ரீட், காக்ஸன் டாட், பின்னால் பிரின்ஸ் பஸ்டர் ஆகிய சவுண்ட் சிஸ்டம்காரர்களுக்குள் கடும் போட்டி. யாரிடம் யாருக்கும் கிடைக்காத தட்டு இருக்கிறதோ அவர் பக்கம் கூட்டம். அதனால் தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் பெயரைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள், எதிரி கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று.

1950-களின் இறுதியில் அமெரிக்காவில் ரசனை ராக் அண்ட் ரோல் பக்கம் திரும்பியது. கிங்ஸ்டனுக்கு வேண்டிய பழைய மாதிரித் தட்டுகள் வரத்து குறைந்தது. சரி, நாமே பதிவு செய்வோம் என்று சவுண்ட் சிஸ்டம்காரர்கள் தயாரிப்பாளர்கள் ஆனார்கள். நியூ ஆர்லியன்ஸ் பாட்டுகளில் ஏற்கெனவே லேசாக எட்டிப்பார்த்த இடைத்தட்டை, அதாவது மேலே கை தட்டிய அந்த இடத்தை, இவர்கள் தூக்கி முன்னால் வைத்தார்கள். உள்ளூர் நாட்டுப்புற இசையான மென்டோவின் கை அதில் உண்டு. ஜாஸும் உண்டு.

ஜாஸ் எங்கிருந்து வந்தது? கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆல்ஃபா பாய்ஸ் ஸ்கூல் என்ற பள்ளியிலிருந்து. ஆதரவற்ற, அல்லது வீட்டுக்கு அடங்காத பையன்களைச் சேர்த்துக்கொண்டு அவர்கள் கையில் ஊதுகருவிகளைக் கொடுத்த பள்ளி அது. டிராம்போன் மேதை டான் டிரம்மண்ட், சாக்ஸபோன் வாசித்த டாமி மெக்குக், ட்ரம்பெட் வாசித்த ஜானி மூர் எல்லோரும் அங்கே படித்தவர்கள். 1964-இல் இவர்கள் சேர்ந்து ஸ்கேட்டலைட்ஸ் என்ற குழுவானார்கள். அடுத்த ஆண்டே குழு கலைந்தது. ஆனால் அந்தக் காலத்துக் கிங்ஸ்டன் பதிவுகளில் யார் பெயர் மேலே இருந்தாலும் பின்னால் ஊதுவது பெரும்பாலும் இவர்கள்தான். அதே பள்ளியிலிருந்து வந்த இன்னொரு பெயரை நினைவில் வையுங்கள்: ரிகோ ரோட்ரிகஸ், டிராம்போன். 1961-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியவர். இந்தக் கதையின் இரண்டு முனைகளிலும் அவர் நிற்கிறார்.

ஜமைக்கா விடுதலை பெற்றது 1962 ஆகஸ்ட் 6. இசையின் துள்ளலுக்கு அதுவும் ஒரு காரணம். விடுதலைக்குப் பின் வேலை கிடைக்காத கிங்ஸ்டன் இளைஞர்கள், மிடுக்கான கோட்டு, சின்னத் தொப்பியுடன் தெருவில் நின்றவர்கள், 'ரூட் பாய்' ஆனார்கள். அவர்களைப் புகழ்ந்தும் கண்டித்தும் பாட்டுகள் வந்தன.

அங்கிருந்து கோவென்ட்ரிக்கு

ஜமைக்கர்கள் வேலை தேடி இங்கிலாந்து போனபோது தட்டுகளும் கூடவே போயின. 1960-இல் லண்டனில் ப்ளூ பீட் என்ற லேபிள் தொடங்கியது. 1964-இல் மில்லி ஸ்மால் என்ற இளம்பெண் பாடிய 'மை பாய் லாலிபாப்' அங்கே தரவரிசையில் இரண்டாம் இடம். 1969-இல் டெஸ்மண்ட் டெக்கரின் 'இஸ்ரேலைட்ஸ்' முதலிடம். வெள்ளைக்காரத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் இதற்கு ஆடினார்கள்.

டூ டோன் லேபிளைத் தொடங்கிய, தி ஸ்பெஷல்ஸ் குழுவின் ஜெர்ரி டாமர்ஸ் பிறந்தது 1955-இல், அதுவும் நம்ம ஊட்டியில். அப்பா ஆங்கிலிக்கன் பாதிரியார். குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்து திரும்பிவிட்டது. ஆகவே நாம் உரிமை கொண்டாட அதில் பெரிதாக ஒன்றும் இல்லை, சொல்லாமல் இருக்கவும் மனசில்லை. கவனிக்க வேண்டியது அந்த ஆண்டுக் கணக்கு. 'இஸ்ரேலைட்ஸ்' முதலிடம் வந்தபோது அவருக்கு 13 வயது. அவர் தலைமுறைக்கு இது பள்ளிக்கூட வயதில் ஆடிய இசை. அதே குழுவின் லின்வல் கோல்டிங்கும் நெவில் ஸ்டேப்பிளும் ஜமைக்காவிலேயே பிறந்தவர்கள், அவர்களுக்கு இது வீட்டு இசை. 'மீட்சி' என்ற சொல்லைக் கேட்டால் புதைபொருள் தோண்டியது போல இருக்கிறது. உண்மையில் நடுவே பத்து வருடம்தான்.

கோவென்ட்ரி கார் தொழிற்சாலைகளின் ஊர். 1970-களின் இறுதியில் அந்த வேலைகள் போய்க்கொண்டிருந்தன. நேஷனல் ஃப்ரண்ட் என்ற இனவெறிக் கட்சி தெருவில் நடமாடியது. பங்க் இசை வந்து, யார் வேண்டுமானாலும் மேடை ஏறலாம் என்று காட்டியிருந்தது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே குழுவில் நின்று, பங்கையும் ஜமைக்க இசையையும் கலந்தால் எப்படி இருக்கும்? தி ஸ்பெஷல்ஸ் தொடக்கத்தில் ஒரு பாட்டில் பாதி பங்க், பாதி ரெகே என்று ஒட்டுப்போட்டுப் பார்த்தார்கள். ஆடுகிறவர்கள் நடுவில் தடுமாறி நின்றார்கள். வேகத்தில் இரண்டுக்கும் நடுவே இருந்த ஸ்காவை எடுத்துக்கொண்டபோதுதான் ஒட்டுத் தெரியாமல் பொருந்தியது.

லேபிளின் சின்னத்தில் கறுப்புக் கோட்டும் தொப்பியும் போட்டு நிற்கும் ஆள், தி வெய்லர்ஸின் முதல் ஆல்ப அட்டையில் பீட்டர் டாஷ் நிற்கும் படத்தைப் பார்த்து வரைந்தது. ஆமாம், பாப் மார்லியின் அதே வெய்லர்ஸ். அவர்களும் ஸ்காவில்தான் தொடங்கினார்கள்.

இப்போது ஜோடிகள்

முதல் ஜோடிக்கு ஒரே ஒரு பழைய தட்டு போதும். பிரின்ஸ் பஸ்டரின் ப்ளூ பீட் தட்டு ஒன்றின் ஒரு பக்கம் 'அல் கபோன்', மறுபக்கம் 'ஒன் ஸ்டெப் பியாண்ட்'. 'அல் கபோன்' கார் டயர் கிறீச்சிடும் சத்தத்தோடு தொடங்கும். அதைக் கேட்டுவிட்டு தி ஸ்பெஷல்ஸின் முதல் தட்டான 'கேங்ஸ்டர்ஸ்' (1979) போடுங்கள். அதே கிறீச், பஸ்டரின் தட்டிலிருந்து அப்படியே எடுத்தது. ஆனால் அதற்குப் பின் வருவது வேறு உலகம். பஸ்டரிடம் ஊதுகருவிகள் அலட்சியமாக, தெருவில் தோரணையாக நடப்பது போல வரும். ஸ்பெஷல்ஸிடம் ஊதுகருவியே இல்லை. ஆர்கனும் கிட்டாரும் பதற்றத்தோடு விரட்டுகின்றன. பாடகர் டெர்ரி ஹால் எந்த உணர்ச்சியும் காட்டாமல் முனகுகிறார். பஸ்டர் பாடியது சினிமா தாதாக்களைப் பற்றி. இவர்கள் பாடியது இசை வியாபாரத்தின் தாதாக்களைப் பற்றி.

தட்டைத் திருப்பினால் 'ஒன் ஸ்டெப் பியாண்ட்'. வட லண்டனின் மேட்னெஸ் அதை எடுத்து 1979-இல் பெரிய வெற்றியாக்கினார்கள். இங்கே மாற்றம் குறைவு. சாக்ஸபோன் கனமாகிறது, முன்னால் ஒரு கூச்சல் சேர்கிறது, குறும்பு கூடுகிறது. ஒரே பழைய தட்டின் ஒரு பக்கம் ஒரு குழுவுக்குக் கோபமாகவும் மறுபக்கம் இன்னொரு குழுவுக்குக் கும்மாளமாகவும் போனது எனக்கு இன்னும் வியப்புதான். அந்த இரண்டு குழுவின் குணத்தையும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

அடுத்த ஜோடி: டேண்டி லிவிங்ஸ்டன் 1967-இல் பதிவு செய்த 'ரூடி, எ மெசேஜ் டு யூ', ஸ்பெஷல்ஸின் 'எ மெசேஜ் டு யூ, ரூடி'. ரூட் பாயைப் பார்த்து ஒரு பெரியவர் 'உருப்படும் வழியைப் பார்' என்று புத்தி சொல்கிற பாட்டு. இது ஸ்கா இல்லை, ராக்ஸ்டெடி. பேஸ் நடக்காமல் நின்று நின்று பேசுவதைக் கவனியுங்கள். டிராம்போனை இரண்டிலும் தனியாகக் கேளுங்கள். இரண்டிலும் வாசிப்பது ஒரே ஆள், ரிகோ ரோட்ரிகஸ். நடுவில் 12 வருடம். மெலடி அப்படியே இருக்கிறது. புத்தி சொல்லும் குரல் மட்டும் மாறிவிட்டது. டேண்டி அக்கறையோடு சொல்கிறார். ஸ்பெஷல்ஸில் சொல்கிறவனே நாளை என்னாவான் என்று தெரியாதவன் மாதிரி ஒலிக்கிறது.

மூன்றாவது ஜோடி அல்ல, மும்மை. லாய்ட் சார்மர்ஸின் 'பர்த் கன்ட்ரோல்' (1969), அதை அடியொற்றி ஸ்பெஷல்ஸ் முதல் ஆல்பத்தில் செய்த 'டூ மச் டூ யங்', அப்புறம் அதே பாட்டின் நேரடி மேடைப் பதிவு. ஆல்பத்தில் ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும். மேடையில் ஏறக்குறைய இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடும். 1980 தொடக்கத்தில் அந்த நேரடிப் பதிவுதான் பிரிட்டிஷ் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. மூன்றையும் வரிசையாகக் கேட்டுக் காலால் தாளம் போடுங்கள், மூன்றாவதில் கால் வலிக்கும். பங்க் என்ன செய்தது என்று யாராவது கேட்டால் இதைக் காட்டுங்கள்.

கடைசி ஜோடியில் ஜமைக்காவே இல்லை. ஸ்மோக்கி ராபின்சனும் மிராக்கிள்ஸும் மோடவுன் என்ற அமெரிக்க லேபிளுக்குப் பாடிய பாட்டு 'தி டியர்ஸ் ஆஃப் எ க்ளௌன்'. அதை பர்மிங்ஹாமின் தி பீட் 1979 இறுதியில் டூ டோனில் வெளியிட்டார்கள். சிரிக்கிற மாதிரி நடிக்கும் சோகப் பாட்டு, இடைத்தட்டில் ஏறியதும் இன்னும் பொருத்தமாகிவிடுகிறது. அமெரிக்க சோல் இசைக்கும் இந்தக் குழுக்களுக்கும் உள்ள உறவு இந்த ஒரு பாட்டில் கிடைத்துவிடும்.

யார் யார்

தி ஸ்பெஷல்ஸ் மையம். முதல் ஆல்பத்தைத் (1979, தயாரிப்பு எல்விஸ் காஸ்டெல்லோ) தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே மூச்சில் கேளுங்கள். இரண்டாவது ஆல்பத்தில் டாமர்ஸ் லிஃப்டிலும் ஹோட்டல் வரவேற்பறையிலும் ஓடுகிற மெல்லிசையைக் கலந்தார். குழுவுக்குள்ளேயே பாதிப் பேருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு முதலாவதைவிட இதுதான் பிடிக்கும், ஆனால் முதல் வாரத்தில் வேண்டாம்.

தி செலெக்டர் பிறந்த கதை வேடிக்கையானது. 'கேங்ஸ்டர்ஸ்' தட்டின் மறுபக்கத்துக்குப் பாட்டுப் பதிவு செய்யப் பணம் இல்லை. நியோல் டேவிஸ் என்ற கிட்டார் கலைஞர் முன்பே பதிவு செய்து வைத்திருந்த வாத்திய இசை ஒன்றை 'தி செலெக்டர்' என்ற பெயரில் போட்டார்கள். தட்டு விற்றுத் தீர்ந்தது. இல்லாத குழுவுக்குப் பெயர் வந்துவிட்டது. பிறகுதான் டேவிஸ் ஆட்களைச் சேர்த்தார். முன்னால் நின்று பாடியவர் பாலின் பிளாக், அதுவரை மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்த்தவர். 'ஆன் மை ரேடியோ' கேளுங்கள், அவர் குரல் ஏறுகிற ஏற்றத்துக்காகவே.

தி பீட் குழுவில் இளைஞர்களுக்கு நடுவே ஐம்பதை நெருங்கிய ஒரு சாக்ஸபோன்காரர் இருப்பார். சாக்ஸா என்று அழைப்பார்கள். ஜமைக்காவில் பிறந்தவர், பிரின்ஸ் பஸ்டர் போன்றோருக்கு வாசித்தவர். 'மிரர் இன் த பாத்ரூம்' பாட்டில் பேஸும் டிரம்ஸும் நரம்புத் தளர்ச்சி வந்தது போல் ஓட, அவர் மட்டும் அவசரமே இல்லாமல் மேலே மிதப்பார்.

மேட்னெஸ், பெயரே பிரின்ஸ் பஸ்டரின் பாட்டிலிருந்து எடுத்தது. முதல் தட்டான 'தி பிரின்ஸ்' அவருக்குக் காணிக்கை. ஒரு தட்டோடு டூ டோனைவிட்டுப் போனார்கள். லேபிளின் ஒப்பந்தமே ஒரு தட்டுக்குப் பின் குழு போகலாம் என்றுதான் இருந்தது. பிறகு அவர்கள் இங்கிலாந்தின் நடுத்தரக் குடும்பக் கதைகளைப் பாடும் பாப் குழுவாகிவிட்டார்கள், அதில் தப்பில்லை. ஏழு பெண்கள் சேர்ந்த தி பாடிஸ்னாச்சர்ஸ் குறுகிய காலம்தான் இருந்தார்கள். பேட் மேனர்ஸ் டூ டோனில் இல்லை, ஆனால் அதே கூட்டம். இந்த ஆறு குழுக்களும் மேடையில் ஆடுவதைப் பார்க்க 'டான்ஸ் கிரேஸ்' என்ற 1981-ஆம் ஆண்டுப் படம் இருக்கிறது.

'கோஸ்ட் டவுன்' ஏன் கடைசியில்

இதைக் கேட்டுத்தான் பலர் உள்ளே வருகிறார்கள். இருந்தும் வரிசையில் கடைசியாக வைக்கிறேன். மேலே சொன்ன வேகத்துக்குப் பழகிய காதோடு கேட்டால்தான் இதன் மந்தம் உறைக்கும். இது ஸ்காவே இல்லை, மெதுவான ரெகே. ஆர்கன் திருவிழா முடிந்த மைதானம் போல ஒலிக்கும். ரிகோவின் டிராம்போன் இங்கேயும் உண்டு. லீமிங்டன் ஸ்பா என்ற ஊரின் சின்னஞ்சிறு ஸ்டூடியோவில் பதிவானது.

மூடப்பட்ட கிளப்புகள், வேலையில்லாத இளைஞர்கள், வெறிச்சோடிய தெருக்கள் பற்றிய பாட்டு. 1981 ஜூலையில் அது தரவரிசையில் முதலிடத்தில் மூன்று வாரம் இருந்தது. அதே மாதம் லிவர்பூலின் டாக்ஸ்டெத் உட்பட இங்கிலாந்தின் பல நகரங்கள் கலவரத்தில் எரிந்தன. அந்த ஆண்டு கோவென்ட்ரியில் இந்திய வம்சாவளி மாணவர் ஒருவர் இனவெறியர்களால் கொல்லப்பட்டிருந்தார். ஜூனில் இன ஒற்றுமைக்காக ஸ்பெஷல்ஸ் அங்கே ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். தட்டின் மறுபக்கத்தில் 'வொய்?' என்ற பாட்டு இருக்கிறது. தன்னைத் தாக்கிய இனவெறியர்களைப் பார்த்து லின்வல் கோல்டிங் எழுதியது. அதையும் சேர்த்துக் கேட்காமல் விடாதீர்கள். பாட்டு முதலிடத்தில் இருந்தபோதே குழு உடைந்தது.

தேடும்போது ஏமாறாமல் இருக்க

நான் ஒருமுறை 'அசல் ஸ்கா' என்று அட்டையில் போட்ட ஒரு குறுந்தகட்டை ஆசையாக வாங்கி வந்தேன். வீட்டில் போட்டால் எலக்ட்ரானிக் டிரம்ஸ் அடிக்கிறது. பாடியவர்கள் அதே ஆட்கள்தான், ஆனால் இருபது வருடம் கழித்துத் திரும்பப் பதிவு செய்தது. இன்றைக்கு ஸ்ட்ரீமிங்கிலும் இதே தொல்லை. 1960-களின் பாட்டில் ஒலி மிகத் துல்லியமாகவும் இடம் வலமாகப் பிரிந்தும் கேட்டால் சந்தேகப்படுங்கள். பழைய கிங்ஸ்டன் பதிவுகள் பெரும்பாலும் மோனோ, கொஞ்சம் கரகரப்பு இருக்கும்.

பெயர்க் குழப்பங்களும் உண்டு. தி பீட் அமெரிக்காவில் 'தி இங்கிலிஷ் பீட்'. தி ஸ்பெஷல்ஸ் சில தட்டுகளில் 'தி ஸ்பெஷல் ஏகேஏ'. நெல்சன் மண்டேலாவை விடுதலை செய்யச் சொல்லி 1984-இல் வந்த பாட்டு இந்த இரண்டாவது பெயரில்தான் இருக்கும்.

இதற்குப் பின் இரண்டு வழி பிரியும். 1980-களின் இறுதியிலும் 1990-களிலும் வளர்ந்த அமெரிக்க ஸ்கா பங்க் ஒரு வழி: ஆபரேஷன் ஐவி, மைட்டி மைட்டி பாஸ்டோன்ஸ், ஆரம்பகால நோ டவுட். அங்கே ஊதுகருவிகள் கூடும், கிங்ஸ்டன் தூரமாகிவிடும். டோக்கியோ ஸ்கா பாரடைஸ் ஆர்க்கெஸ்ட்ரா போன்ற ஜப்பானியக் குழுக்களையும் அந்தப் பக்கம் போகும்போது ஒரு எட்டுப் பார்த்துவிடலாம். இன்னொரு வழி பின்னோக்கிப் போவது. நான் போனது இதில்தான். ரிகோவின் 'மேன் ஃப்ரம் வரெய்கா' ஆல்பத்தில் தொடங்குங்கள், அங்கிருந்து ஸ்கேட்டலைட்ஸ், அங்கிருந்து டான் டிரம்மண்ட். இரவு நேரம் நல்லது, இயர்போன் மறக்க வேண்டாம்.